கீழ் மூலையில் இருந்த பெயர்

எனக்கு எழுத்து வரையக் கற்றுக்கொடுத்தவரின் எழுத்தை நான் திருடினேன். திருடியதைக் கணினியில் ஏற்றி, அதற்கு என் மகன் பெயரை வைத்து, இத்தனை வருடமாக அதில் போர்டு அடித்துத்தான் குடும்பம் நடத்துகிறேன். வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை.

மேல்பட்டாம்பாக்கத்துக்காரர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும். நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி போகிற சாலையில் ஒரு காலத்தில் அவர் கை படாத கடைப் பலகைகள் குறைவு. ஆனாலும் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைப் போடாமல் விட்டதுதானே உன் குற்றம், இங்கேயும் அதையே செய்கிறாயே என்று கேட்பீர்கள். நியாயம்தான். பெயரை அச்சில் போடலாமா என்று நான் கேட்க வேண்டியது அவருடைய மனைவியிடம். அண்ணி முன்னால் போய் நிற்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

பத்தாவதில் கணக்குப் பாடம் போன பிறகு என்னை அவரிடம் கொண்டுபோய் விட்டார் அப்பா. பிரஷ் கழுவுவது, தகரத்தைத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடிப்பது, டீ வாங்கி வருவது, இதுதான் வேலை. வெகுநாள் எழுத்தைத் தொடவே விடவில்லை. மேலிருந்து கீழே ஒரு கோடு, இடமிருந்து வலம் ஒரு கோடு, ஒரு வளைவு. இதையே பழைய செய்தித்தாளில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். நீலப்பொடி தடவிய நூலை ஆளுக்கொரு முனை பிடித்து, நடுவில் இழுத்து விட்டால் பலகையில் கோடு விழும். அதற்கு ‘நூல் அடிப்பது’ என்று பெயர். அந்தக் கோட்டுக்குள் சாக்பீஸால் எழுத்தின் எலும்பை மட்டும் போடுவார். பிறகு நிறம், பிறகு அவுட்லைன், கடைசியில் ஷேடு. வெளிச்சம் எப்போதும் இடது பக்கம் மேலேயிருந்து விழுவதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பார். ஒரே பலகையில் ஓர் எழுத்துக்கு வலப்பக்கமும் இன்னொன்றுக்கு இடப்பக்கமும் நிழல் விழுந்தால், “உங்க ஊர்ல ரெண்டு சூரியனாடா?” என்று கேட்டுவிட்டுத் துணியால் துடைத்துவிடுவார்.

அவர் 1978-க்கு முன்னால் தொழில் கற்றவர். அந்த வருடம் அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. யானைத் துதிக்கை போல் முன்னால் தூக்கி நின்ற ‘லை’ போய், எல்லோரும் இப்போது எழுதுகிற ‘லை’ வந்தது. பள்ளிக்கூடமும் பத்திரிகையும் மாறிக்கொண்டன. இவர் மாறியது வாடிக்கையாளரைப் பொறுத்து. அரிசி ஆலை, மரவாடி, பழைய ஜவுளிக்கடைக்காரர்கள் கேட்டால் துதிக்கை லைதான். அதை ஒரே இழுப்பில், பிரஷை எடுக்காமல் முடிப்பார். அதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய ‘ழ’. கீழே இறங்குகிற வாலை மற்றவர்கள் சுருட்டி நிறுத்துகிற இடத்தில் இவர் கொஞ்சம் நீட்டி விடுவார். அடுத்த எழுத்துக்கு அடியில் போய் அது நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தாலே அவர் எழுத்து என்று தெரிந்துவிடும்.

பெரிய வருமானம் நெய்வேலியிலிருந்து வந்தது. 1957-இல் சுரங்கம் தொடங்கியபோது வேலைக்குச் சேர்ந்தவர்களும் அவர்களுக்கு அடுத்த தலைமுறையும் ஓய்வு பெறுகிற காலம். மாதக் கடைசியானால் எந்த வட்டத்திலாவது ஒரு பணி நிறைவு பாராட்டு விழா நடக்கும். சில மாதம் நாலைந்துகூட இருக்கும். ஒவ்வொன்றுக்கும் காடாத் துணியில் ஒரு பேனர். தொழிற்சங்கப் பலகைகள் தனி. மத்திய அரசு நிறுவனம் என்பதால் சில பலகைகளைத் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்றிலும் எழுத வேண்டும். இவருக்கு இந்தி ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, படம் வரைவதுபோல் வரைந்துவிடுவார். பிழை வந்ததாக யாரும் சொன்னதில்லை. வேலை முடிந்ததும் வலது கீழ் மூலையில் சின்னதாக, சிவப்பில், தன் பெயரும் ஊர்ப் பெயரும். “கூலி அவங்க குடுக்கறது. இது நமக்கு நாமே குடுத்துக்கறது” என்பார்.

1957-இல் ‘வணங்காமுடி’ படத்துக்குச் சென்னையில் சிவாஜிக்கு 80 அடி உயரக் கட்-அவுட் வைத்த கதையை அவருடைய குரு சொல்லி இவர் கேட்டிருந்தார். எங்களுக்கு அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். உயரம் பற்றிச் சொல்லிவிட்டுத் தவறாமல் “செஞ்சது மோகன் ஆர்ட்ஸ்” என்று சேர்த்துக்கொள்வார். படத்தைப் பார்த்தவர்கள் குறைந்துபோன பிறகும் அந்த ஒரு பெயர் தங்கிவிட்டதே என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் பண்ருட்டியில் டி.டி.பி. கற்றுக்கொண்டேன். பேஜ்மேக்கர், போட்டோஷாப், கோரல்டிரா. அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவரே, “போய்க் கத்துக்கடா, நாளைக்கு அதுதான் சோறு போடும்” என்று அனுப்பினார். ஃப்ளெக்ஸ் வந்த புதிதில் இங்கே மெஷின் கிடையாது. டிசைனை முடித்து, சி.டி.யில் போட்டு, பஸ்ஸில் புதுச்சேரிக்குக் கொண்டுபோவோம். மறுநாள் சுருட்டி எடுத்து வருவோம். ஓய்வு பெறுகிறவரின் முகத்தையே பத்தடிக்கு எட்டடியில் அச்சடித்துக் கொடுத்த பிறகு, பெயரை மட்டும் எழுதிய காடாத் துணியை யார் கேட்பார்கள்? மாதக் கடைசி வேலை முழுக்க என்னிடம் வந்தது. அவர் வாடிக்கையாளர்களின் முகவரி எனக்குத்தான் தெரியுமே, அவரோடு சைக்கிளில் போனவன் நான்தானே. இதையும் போட்டி என்று சொல்லிவிடலாம். ஒரு தொழில் வரும், ஒரு தொழில் போகும்.

அதற்கப்புறம் செய்தது போட்டி இல்லை.

அப்போது எங்களிடம் இருந்த தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் புத்தகத்துக்குச் செய்தவை. பெரிதாக்கினால் சவசவ என்று இருக்கும். பழைய கடைக்காரர்கள், “நம்ம ஆர்ட்டிஸ்ட் எழுதற மாதிரி கம்பீரமா வேணும்” என்றார்கள். அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. சீடப்பிள்ளைகள் பார்த்து எழுதிப் பழக உயிர், மெய், உகர வரிசை, ஊகார வரிசை என்று எல்லாவற்றையும் இந்தியன் இங்கில் எழுதி வைத்திருந்தார். “ஜெராக்ஸ் எடுத்துக்கறேண்ணா, பையன் எழுதிப் பழகறதுக்கு” என்று சொல்லி வாங்கினேன். என் மகன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான்.

ஸ்கேன் செய்து அன்று சாயங்காலமே நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தமிழில் 247 எழுத்து என்கிறோம். கணினிக்கு அத்தனை உருவம் வேண்டாம். கொம்பு, கால், விசிறி எல்லாம் தனித்தனியாக ஒருமுறை போதும். கு, கூ, து, தூ என்று ஒட்டிப் பிறக்கிற வரிசைகளைத்தான் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். டிரேஸ் எடுத்து, பிரஷ் முடி பிரிந்த பிசிறுகளை நீக்கி, முனைகளைச் சரிசெய்து, கோரல்டிராவிலிருந்தே ஓர் எழுத்துருவாக ஏற்றுமதி செய்தேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த வேலை. உழைப்பு என்னுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை, அதனால் எழுத்தும் என்னுடையது என்று ஆகிவிட்டது. துதிக்கை லையையும் விடவில்லை. பெயர் கேட்டது மென்பொருள். மகன் பெயரைத் தட்டினேன்.

இன்னொன்றும் செய்தேன். அவர் எழுதிய பழைய தகரப் பலகைகளைப் படமெடுத்து வந்து, “இதே மாதிரி ஃப்ளெக்ஸ்ல போடு” என்று கேட்பார்கள். படத்தைத் திறந்ததும் நான் முதலில் போவது வலது கீழ் மூலைக்கு. குளோன் ஸ்டாம்பை எடுத்து, பக்கத்திலிருக்கும் நிறத்தைத் தொட்டு, நாலு தேய்ப்பு. பெயர் போய்விடும். சிவப்பு எழுத்து இருந்த இடத்தில் என் கடைப் பெயரும் செல்போன் எண்ணும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைத்தான் எல்லோரும் எழுதினார்கள், எழுத வேண்டியதும் அதுதான். பலாத்தோப்பு வைத்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் கூலிக்குப் போகிறவர்களானார்கள். எனக்கு என்ன நினைவிருக்கிறது என்று சொல்லட்டுமா? சாலை முழுக்கப் போர்டுகள் பறந்துவிட்டன, இனி ஆறு மாதம் வேலைக்குக் குறைவிருக்காது என்று கணக்குப் போட்டது. கரண்டு வந்ததும் ராப்பகலாக ஓடியது கடை. அந்தச் சாலையில் அவருடைய எழுத்து தகரத்தில் இருந்தது பெரும்பாலும் அந்தப் புயலோடு முடிந்தது. நான் அதையெல்லாம் ஃப்ளெக்ஸில் திரும்ப எழுப்பினேன், அவருடைய எழுத்திலேயே.

அந்தச் சமயத்தில்தான் அவர் என் கடைக்கு வந்தார். அவர் வாசலில் தொங்கிய பலகையும் போய்விட்டிருந்தது. பெயிண்ட் வாங்கி, தகரம் வாங்கி, எழுதிக் காய வைக்க அப்போது அவரிடம் காசும் இல்லை, கையில் நடுக்கமும் தொடங்கியிருந்தது. “எனக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுடா” என்றார். எழுத்து வரைகிற மனிதர் ஃப்ளெக்ஸ் போர்டு கேட்கிறார். அவர் சொல்லச் சொல்ல டைப் செய்தேன்: தமிழ், ஆங்கிலம், இந்தியில் போர்டுகள் எழுதித் தரப்படும். பழக்கதோஷம், எழுத்துருப் பட்டியலில் என் விரல் நேராக மகன் பெயருக்குப் போய்விட்டது. திரையில் ‘தமிழ்’ என்று விழுந்தது. ழவின் வால் நீண்டு நின்றது.

கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இந்த ‘ழ’ யாருடா போட்டது?”

“கம்ப்யூட்டர்ல வர்றதுண்ணா.”

“ம். அதுவும் என்ன மாதிரியே வாலை இழுத்து வுடுது பாரு” என்று சிரித்தார்.

அவருக்குத் தெரிந்துதான் சிரித்தாரா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அவர் கண்ணுக்கு ஒரு நூல் கோணினால்கூடத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியில் நான் ஒளிந்துகொள்ள முடியாது. அவருக்குத் தெரிந்திருந்தால் நான் மன்னிக்கப்பட்ட திருடன், தெரியாவிட்டால் மாட்டிக்கொள்ளாத திருடன். பணமும் வாங்கினேன். பாதி விலைதான் என்று சொல்லி வாங்கினேன். பெருந்தன்மை காட்டுகிறேன் என்று அப்போது உண்மையாகவே நினைத்தேன்.

அப்புறம் 2019 செப்டம்பர். பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மேல் கல்யாண பேனர் விழுந்து, அவர் சாலையில் சரிந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்துபோனார். உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேசியது. கட்சிகள் இனி பேனர் வைக்க மாட்டோம் என்றன. கொஞ்ச நாளைக்கு எல்லோருக்கும் பயம். அந்தச் சமயத்தில் இரண்டு மூன்று பேர் என்னிடம் வந்து, “ஃப்ளெக்ஸ் வேணாம், துணியில எழுதறவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்கள். அவர் அடுத்த தெருவில் இருந்தார். நடுக்கம் இருந்தாலும் பிரஷைப் பிடித்தால் நின்றுவிடும். நம்பர் பிளேட் எழுதிக்கொண்டும், பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டும் இருந்தார். “இப்பல்லாம் யாரும் எழுதறதில்லீங்க” என்றேன். வந்த வேலை அவர் வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

2021-இல் அவர் போய்விட்டார். பள்ளிக்கூட விழா ஒன்றில் ஓவியப் போட்டிக்குப் பரிசு கொடுக்கக் கூப்பிட்டபோது, தொழில்நுட்பம் நம் மரபுக் கலைஞர்களை விழுங்கிவிட்டது என்று பேசி எனக்குக் கைதட்டல் கிடைத்தது அதற்கப்புறம். மெஷினுக்குப் பசி கிடையாது. விழுங்கியவன் மேடையில் சால்வையோடு நின்றேன்.

ஸ்கேனர் இருந்தால் திருடத்தான் வேண்டும் என்று இல்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். டில்லியில் ஹனிஃப் குரேஷி என்று ஒருவர். சென்னை கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தனவே, அதைச் செய்த ஸ்டார்ட் இந்தியா அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் உண்டு. 2024-இல் காலமாகிவிட்டார். நான் நோட்டை வாங்கி வந்ததற்குச் சில வருடம் கழித்து, நான் செய்த அதே காரியத்தை அவரும் செய்தார்: தெருவில் போர்டு எழுதுகிறவர்களிடம் எழுத்துகளை எழுதி வாங்கி, கணினி எழுத்துருவாக மாற்றினார். வித்தியாசம் இரண்டே இரண்டு. எழுத்துருவுக்கு எழுதியவரின் பெயரையே வைத்தார், ‘பெயிண்டர் கஃபீல்’ என்பதுபோல. விற்ற பணத்தில் பாதி எழுதியவருக்குப் போனது. அதைப் படித்த அன்று எனக்கு வந்தது வெட்கம் என்று சொல்ல ஆசை. முதலில் வந்தது எரிச்சல்தான். இவ்வளவு சுலபமாக முடிகிற வேலையா இது என்கிற எரிச்சல்.

சட்டமும் எனக்குச் சாதகமாக இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57-ஆவது பிரிவு, படைப்பை விற்றுவிட்டாலும் ‘செய்தவன் நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது. எழுத்து வடிவத்துக்கு அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். பலகையின் மூலையில் இருந்த கையெழுத்தைத் தேய்த்து அழித்ததற்கு வாதம் எதுவும் வேண்டாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2025 மார்ச் கடைசியில் எல்லோரும் தங்கள் கல்யாணப் படத்தை ஏ.ஐ.யில் ஜிப்ளி கார்ட்டூனாக மாற்றிக்கொண்டார்களே, அதிலிருந்து என் கடைக்கு வருகிறவர்கள் பாதி டிசைனைச் செல்போனிலேயே கொண்டுவருகிறார்கள். ஏ.ஐ. போட்ட மணமேடை, ஏ.ஐ. போட்ட தோரணம். ஆரம்பத்தில் அது எழுதிய தமிழ் வெறும் புழுக்கூட்டமாக இருந்தது. நாங்கள் கூடி உட்கார்ந்து சிரித்தோம். இப்போது அதுவும் தேறிக்கொண்டு வருகிறது. சமீபத்தில் ஒரு பையன் காட்டிய படத்தில் பூ வேலைப்பாடு ஒன்று அப்படியே என்னுடையது, நான் பத்து வருடத்துக்கு முன்னால் செய்தது. அப்படித்தான் எனக்குப் பட்டது. நிரூபிக்க வழி இல்லை. கேட்காமல் எடுத்திருக்கிறார்கள் என்று கடையில் கத்தினேன். அமெரிக்காவில் 2023 ஜனவரியிலேயே மூன்று ஓவியர்கள், எங்கள் படங்களைக் கேட்காமல் எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள் என்று ஏ.ஐ. கம்பெனிகள்மேல் வழக்குப் போட்டதையெல்லாம் மேற்கோள் காட்டினேன்.

என் மகன் பக்கத்தில் இருந்தான். இப்போது அவன்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறான். “நம்ம ஃபான்ட்டையும் எல்லாரும் கேக்காமத்தானேப்பா யூஸ் பண்றாங்க” என்றான். நான் நண்பர்களுக்கு சி.டி.யில் கொடுத்தது குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம், விழுப்புரம் என்று போய்விட்டது. எந்த ஊர்ச் செல்போன் கடையிலும் அந்த ழ தொங்குகிறது. தன் பெயர் கொண்ட எழுத்தை ஊரே திருடுகிறது என்று அவனுக்கு வருத்தம். அப்பா செய்தது என்று கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்திருக்கிறான். இதை எழுதக் காரணம் அதுதான். அவன் பெயரில் இருப்பது அவனுடையது இல்லை, என்னுடையதும் இல்லை என்பதை அவனுக்கு நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

என்னைப்போல் டிசைன் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் கணினியிலும் இப்படி ஒரு கோப்பு இருக்கும். யாரோ ஒரு கோலக்காரம்மாவின் மயில், ஒரு தேர்ச் சிற்பியின் யாளி, ஒரு பெயிண்டரின் எழுத்து. யாருடைய கை என்று உங்களுக்குத் தெரியும். அவர் உயிரோடு இருந்தால் நாளைக்கே போய்ச் சொல்லுங்கள், காசையும் கொண்டுபோய்க் கொடுங்கள், கோப்பின் பெயரையும் மாற்றுங்கள். பெயர் மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் மாற்றியது போன வாரம்தான்.